நேற்று அடித்த வெயில்

பட்டறைக்குள் வந்ததும் வராததுமாக மகன் இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் நீட்டினான், கணப்பு அடுப்பின் முன் நிற்பதைப் போல.

"சூடே இல்லையேம்மா."

அவள் நாற்காலிக் கால் ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே புல்லெல்லாம் உறைபனி. கோத்தகிரியில் மார்கழி யாரையும் விட்டுவைப்பதில்லை. சூரியன் இன்னும் எதிர் மலையைத் தாண்டவில்லை.

வெயிலே வரவில்லை, வெயிலால் தரை எப்படிச் சுடும் என்று மகன் ஒரு சிரிப்பு சிரித்தான்.

மூன்று குளிர்காலமாக அவளுக்கு விரல் மடங்கவில்லை. உளி நழுவியது. பசை சரியாகக் காயாமல், செய்து கொடுத்த நாற்காலிகள் கால் ஆடிக்கொண்டு திரும்பி வந்தன. பட்டறையை மூடிவிட்டு என்னோடு கோயமுத்தூர் வந்துவிடு என்று மகன் இளஞ்செழியன் ஒற்றைக்காலில் நின்றான்.

கடைசியில் அவள்தான் வாக்குக் கொடுத்தாள். தரையைச் சுட வைக்கிறேன். மார்கழியில் வந்து பார். சுடவில்லை என்றால் நானே வண்டியில் ஏறுகிறேன்.

வந்துவிட்டான். வேனோடு.

கூரைமேல் சோலார் ஹீட்டர். அங்கே சூடாகும் தண்ணீரை ஒரு சின்ன மோட்டார் கீழே சுற்றவிடும். அதற்கான குழாயை வளைத்து வளைத்துத் தரை முழுக்கப் பரப்பி, மேலே கனமாகச் சிமெண்ட் போட்டிருந்தாள். யாருக்கும்மா ஜிலேபி பிழியறீங்க என்று கொத்தனார் கேட்டார். தெருவே சிரித்தது.

சிரிக்கட்டும்.

முதல் வாரம் தரை சுடவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிறகுதான் கவனித்தாள், எல்லாக் குளிர்காலமும் செய்வதுபோல் சாக்கை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் நின்றுகொண்டிருக்கிறாள்.

அன்றைக்கே சாக்கைச் சுருட்டி வெளியே எறிந்தாள்.

"அடம் பிடிக்காதம்மா. காத்து எப்படிச் சில்லுன்னு இருக்கு பாரு."

காற்றைச் சூடாக்குகிறேன் என்று அவள் எப்போது சொன்னாள்?

இழைப்புளியை வைத்தாள். அவன் பூட்ஸைப் பார்த்தாள். இந்தக் குளிரில் இங்கே யாரும் வாசலில் எதையும் கழற்றுவதில்லை. அவனும் இந்த ஊர்ப் பிள்ளைதானே.

"கழட்டு. சாக்ஸையும்."

முனகிக்கொண்டே கழற்றினான். ஒரு காலை வைத்தான். மற்றதையும் வைத்தான்.



கால்விரல்களை விரித்தான். குனிந்து தரையைத் தொட்டான். தொட்ட கையை எடுக்காமலே அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான், நாற்பது வயது ஆள்.

"எப்படிம்மா? இன்னும் வெயிலே வரலையே."

"நேத்து அடிச்சதுடா. சிமெண்டு பிடிச்சு வெச்சிருக்கு."

உள்ளுக்குள் அவளுக்குக் கொண்டாட்டம். காட்டிக்கொள்ளவில்லை. மறுபடியும் இழைக்கத் தொடங்கினாள். விரல்கள் சொன்னபடி கேட்டன.

வேன் டிரைவர் கயிறும் அட்டைப்பெட்டிகளுமாக வாசலில் வந்து நின்றார்.

"முதல்ல எதை ஏத்தறதுங்க?"

அவள் மகனைப் பார்த்தாள்.

அவன் எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, அதையெல்லாம் வெளியவே வெச்சிருங்க" என்றான். "ஷூவைக் கழட்டிட்டு உள்ள வாங்க."