காதுகுத்து ஊசி

குத்துகிற ஊசிக்கெல்லாம் ரத்தத்தைப் படிக்கத் தெரிந்துவிட்ட காலம் அது. நோயின் தடம் கண்டால் ஊசி நீலமாகிவிடும்.

வடிவுக்கு ஹெபடைடிஸ் சி இருந்தது பிரசவத்தில்தான் தெரிந்தது. மாத்திரையில் அவளுக்குக் குணமாகிவிட்டது. ஆனால் மகள் யாழிசைக்குத் தடுப்பூசி போடும்போதெல்லாம் ஊசி நீலமானது.

"அது உங்க ரத்தத்தோட சாயலா இருக்கலாம்மா. ஒன்னரை வயசுல மறைஞ்சுட்டா பிள்ளைக்கு நோய் இல்ல," என்றார் டாக்டர்.

அதனால் காதுகுத்தைத் தள்ளிக்கொண்டே போனாள். சொந்தபந்தத்தின் நடுவே ஊசி நீலமானால் பிள்ளையை யார் தூக்குவார்கள்? காரணம் தெரியாத அண்ணன் சுடலைமுத்து, தாய்மாமன் மடி இவளுக்கு ஆகாதாக்கும் என்று முறுக்கிக்கொண்டு திரிந்தான்.

ஒன்றரை வயது நிறைந்த மறுநாள், அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன்னே அண்ணன் உறவுகளோடும் ஆசாரியோடும் வாசலில் வந்து நின்றான். தட்ட முடியவில்லை.

மாமன் மடியிலிருந்த பிள்ளையின் வலது காதில் ஆசாரி குத்தினார். பிள்ளை வீறிட்டது. எல்லாரும் கிலுகிலுப்பையை ஆட்ட, வடிவு ஊசியையே பார்த்தாள். அது வெள்ளையாகவே இருந்தது.

"ஏட்டி, பிள்ள இந்த அழுகை அழுது, நீ சிரிக்க?" என்றான் அண்ணன்.

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த காதையும் குத்தச் சொல்லுண்ணே."