ஒடியாத பாலம்

பாண்டுங் கல்லூரிச் சோதனைக்கூடம். இறைச்சி சுடும் சாத்தேக் குச்சிகளால் லாரஸ் கட்டிய பாலத்தின் மேல் பத்தாவது செங்கல்லையும் வைத்தார் ஆசிரியை எண்டாங். பாலம் அசையவே இல்லை. லாரஸின் கண் கலங்கியது.

அடுத்து கிலாங்கின் பாலம். ஆறாவது செங்கல்லிலேயே படாரென்று ஒடிந்தது. வகுப்பே கைதட்டியது.

"கிலாங், உனக்கு முழு மார்க்!" என்றார் ஆசிரியை.

"என்னோடது நிக்குதே, இபு!" என்று ஆசிரியையிடம் முறையிட்டாள் லாரஸ்.

"அதாம்மா தப்பு. பாலத்தைக் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு, அது எப்போ, எங்க ஒடியும்னு முன்னாடியே சொல்றதுதானே பரீட்சை? கிலாங் சொன்ன மாதிரியே ஒடிஞ்சுது. நீ ஏழாவது செங்கல்லுல நடுக்குச்சி ஒடியும்னே. எங்கயோ கோட்டை விட்டுட்ட."

"இல்ல இபு, திரும்பத் திரும்பப் பார்த்தேன். சரியாத்தான் இருந்துச்சு."

லாரஸின் போன் அடித்தது. சாத்தே கடையிலிருந்து அப்பா. அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"பாலம் நின்னுச்சா, நெங் கண்ணு?"

"நின்னுச்சுப்பா..."

"நிக்காம? நடுவுல ஒரு குச்சி ஒல்லியா இருந்துச்சு. நீ குளிக்கப் போனப்போ நாலு குச்சி சேர்த்து ஒட்டிட்டேன்ல!"

ஆசிரியை சிரித்தபடியே லாரஸின் மார்க்கைக் கூட்டித் திருத்தினார்.

"எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தின. உங்கப்பாவை ஏத்த மறந்துட்டியே!"