பெத்தவங்க வரட்டும்

"நீங்க இந்தப் பொண்ணுக்கு அம்மாவா?"

"இல்ல சார்."

"அத்தை? சித்தி? ஒண்ணுவிட்ட பெரியம்மா?"

"சிறுவர் உரிமைச் சங்கம்" என்றாள் ஹெலன்.

"அது சொந்தத்துல சேராதே" என்றார் வக்கீல் ஆதிநாராயணன். பொன்னேரி கோர்ட்டில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அவருடைய கட்சிக்காரர் மணவாளனுக்கு எளாவூர் பக்கம் இறால் உரிக்கும் கொட்டகை. அங்கிருந்து ஓடி வந்தவள் கன்னியம்மா. பத்து, பதினோரு வயதிருக்கும். விரல்கள் ஐஸில் ஊறி வெளுத்து, நுனியெல்லாம் புண். சங்கத்துக்கு வந்ததிலிருந்து சோறு வேணும், வேணாம் என்பதற்கு மேல் அவள் பேசவில்லை. ஹெலன் காத்திருக்காமல் சங்கத்தின் பெயரிலேயே வழக்குப் போட்டுவிட்டாள். போட உரிமை உண்டா என்பதுதான் இப்போது கேள்வி.

"ஐயா, என் கட்சிக்காரர் கொட்டகையில பிள்ளைங்களே கிடையாது. இது ஒண்ணு எப்படியோ வந்து சேர்ந்திருக்கு. குறை இருந்தா பெத்தவங்க வரட்டும். ரோட்டுல போற சங்கமெல்லாம் உள்ள வந்தா எப்படி?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெத்தவங்க இல்லேன்னா சங்கம் வரலாம். இருந்தா அவங்கதான் வரணும். சரி, வழக்கைத் தள்ளிட்டா பொண்ணு எங்க போகும்?"

"எங்கேருந்து வந்துச்சோ அங்கதான் ஐயா."

ஹெலன் கன்னியம்மாவின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆதிநாராயணன் குனிந்து, குரலைக் குழைத்தார். "பாப்பா, உன்னைக் கொட்டாய்க்கு யாரு கூட்டியாந்தது?"

கன்னியம்மா வாயைத் திறந்தாள். "நைனாதான் இட்டுக்கினு வந்தாரு."

ஆந்திர எல்லையோரம் பாதி வீடுகளில் அப்பாவுக்கு அதுதான் பெயர்.

"நைனா நல்லா இருக்காரா?"

"இருக்காரு. காலைல இங்க வாசல்ல நாஷ்டா துண்ணுக்கினு இருந்தாரு."

"பாருங்க ஐயா, பெத்தவர் கோர்ட்டு வாசல்வரைக்கும் வந்திருக்கார். இதுல சங்கத்துக்கு என்ன வேலை?"

"அப்ப அவரையே கேட்டுடலாம்" என்றார் நீதிபதி. "உன் நைனா இப்ப எங்கம்மா?"

கன்னியம்மா கையை நீட்டினாள். விரல் வக்கீலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மணவாளனைக் காட்டியது.

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பெத்த பொண்ணையா ஐஸ்ல உக்கார வெச்சே?"

மணவாளன் பதறி எழுந்தார். ஆதிநாராயணன் அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துப் பார்த்தார். பலிக்கவில்லை.

"சாமி, சத்தியமா நான் அப்பன் இல்ல. இத்தோட அப்பன், ஆத்தா ரெண்டு பேரும் சுனாமில பூட்டாங்க. நம்ம கொட்டாய்ல வேல செய்யற சின்னப் புள்ளைங்க அத்தினியும் என்னிய நைனான்னுதான் கூப்புடும்."