காணாமல் போன இருபத்து மூன்று டிரம்

"எந்த மடையன் சார் இத இங்க மாட்டினது?"

ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு, சுவரில் இருந்த வைஃபை பெட்டியைப் பார்த்துக் கத்தினான் யஸ்வந்த். கீழே மேனேஜர் ரமணா அண்ணாந்து பார்த்தார். ஏணியை அம்சவேணி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சித்தூர்–பலமனேர் ரோட்டில் உள்ள மாம்பழக் கூழ் ஃபேக்டரி அது. ஜூன் மாதம். குடோனில் மூன்று அடுக்காக டிரம்கள், டிரம் நிறையத் தோத்தாபுரி கூழ்.

ரமணா கையில் ஒரு கடிதம் இருந்தது. அம்சவேணி நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று அதில் மரியாதையாக எழுதியிருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

டிரம்மில் ஒட்டிய ஸ்டிக்கரை ஸ்கேனர் துப்பாக்கியால் சுடுவது அம்சவேணியின் வேலை. சுட்டது வைஃபையில் பறந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். போன வாரம் சென்னைத் துறைமுகத்துக்குப் போன கண்டெய்னரில் எண்பது டிரம் ஏறியது. கம்ப்யூட்டரில் ஐம்பத்தேழுதான் ஏறியது.

"ஃபோன் நோண்டிக்கினு மிச்சத்த வுட்டுட்டா சார் இந்தம்மா. அந்தே, வேற ஒண்ணும் இல்ல" என்றார் ரமணா.

"எண்பதும் சுட்டேன் சார். எண்பதுக்கும் பீப் வந்துச்சு. நான் என்னா காதுலயா பூ வெச்சினு இருக்கேன்?"

"பீப் வரும் சார்" என்றான் யஸ்வந்த், பெட்டியைப் பார்த்தபடியே. "ஸ்டிக்கரப் படிச்சா துப்பாக்கி பீப் போட்டுடும். ஆபீசுக்குப் போய்ச் சேந்துச்சா இல்லியான்னு அதுக்கே தெரியாது."

யஸ்வந்த் திருப்பதியில் ஒரு நெட்வொர்க் கம்பெனிக்காரன். கூப்பிடாமல் வந்திருந்தான். டிரம் கணக்கு உதைக்கிறதென்று கண்டெய்னர் டிரைவர் ஒருவர் டீக்கடையில் சொன்னாராம். இலவசமாகச் சோதித்துத் தருகிறேன் என்றான். கூப்பிடாமல் வருகிறவர்கள் சொந்தக்காரர்கள், இல்லையென்றால் விற்பனைக்காரர்கள். முகஜாடை ஒத்துப்போகாததால் ரமணா இவனை இரண்டாவது வகையில் சேர்த்திருந்தார்.

ஆனால் வேலை தெரிந்தவன்தான். லேப்டாப்போடு சந்து சந்தாக நடந்து சிக்னலை அளந்தான். ஏணி ஏறுமுன் பழைய பாய்லருக்குப் பின்னால் நேராகப் போய், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தான். அங்கே ஒரு சுவிட்ச் இருப்பதே ரமணாவுக்கு இன்றுதான் தெரியும்.

"அப்போ ஒரு பெட்டி பத்தாதுன்றீங்க?"

"பெட்டியே தப்பு சார். லாட்ஜுக்கு ஒரு மாதிரி, கல்யாண மண்டபத்துக்கு ஒரு மாதிரி, ஸ்ரீ சிட்டி ஃபேக்டரிக்கு ஒரு மாதிரி பெட்டி. இது ரிசப்ஷன்ல நாலு பேரு சோபாவுல குந்திகினு படம் பாக்கற பெட்டி. இங்க சந்துக்கு ஒண்ணு வேணும், அதுவும் மேலேர்ந்து சந்துக்குள்ள பாத்துகினு. இரும்புல பட்டா சிக்னல் திரும்பிடும். கூழு தண்ணி மாதிரி, சிக்னலத் துன்னே தீத்துடும்."

"யாரு மாட்டினான்னே தெரியல சார். நான் ஏப்ரல்லதான் சேந்தேன். பழைய மேனேஜர் ஓசூர் போயிட்டாரு. ஃபைல்ல பில்லும் இல்ல, பேரும் இல்ல."

"மார்ச்சுல வந்துருப்பான் சார் அவன். சீசன் இல்ல, குடோன் காலி. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் சிக்னல் ஜோரா வந்துருக்கும். ஜூன்ல இங்க என்னா வெப்பீங்கன்னு ஒரு வார்த்த கேட்டானா? யாருமே வராத மண்டபத்துல நின்னுகினு, சத்தமே இல்லியேன்னு சொன்னவன் சார் அவன்."

ரமணாவுக்குக் குஷியாகிவிட்டது. இன்னொருவன் திட்டு வாங்குவதைக் கேட்பது மேனேஜர்களுக்குப் பாதி போனஸ்.

"சார்..." என்று அம்சவேணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். யஸ்வந்த் காதில் வாங்கவில்லை. அவன் காது இரண்டும் சிவந்திருந்தன. குடோன் சூடு என்று ரமணா நினைத்தார்.

"அவசரக்குடுக்க சார். கோர்ஸ் முடிச்ச மறுநாளே கழுத்துல அட்டையத் தொங்க வுட்டுகினு கெளம்பிருப்பான். மதியம் ரெண்டு மணி பஸ்ஸப் புடிக்கணும்னு மாட்டிட்டுப் போயிருப்பான். அவன் பஸ்ஸப் புடிச்சான், இங்க ஒருத்தங்க சோறு போவுது. அவனுக்கெல்லாம் வெக்கம்னு ஒண்ணு இருக்குமா சார்?"

"கட்டாயம் இருக்காது" என்றார் ரமணா. "கடைசியா ஒண்ணு சொல்லுங்க. இந்தம்மா மேல தப்பு உண்டா, இல்லியா?"

"ஒரு துளி கெடையாது. மொத்தமும் அவன் தப்பு. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன் சார். நாளைக்கே சரியான பெட்டிங்களக் கொண்டாந்து நானே மாட்டறேன்."

ரமணா கடிதத்தை நான்காகக் கிழித்தார். குடோனைச் சுத்தமாக வைத்திருங்கள் என்ற போர்டு எதிரிலேயே இருந்ததால், துண்டுகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு டீ சொல்லப் போனார்.

யஸ்வந்த் இறங்கினான். ஏறியதைவிட இறங்க நேரமாயிற்று. கடைசிப் படிக்கு வந்தும் காலைத் தரையில் வைக்காமல், கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அந்த மடையன் மட்டும் என் கையில கெடைச்சான்னா..." என்று மறுபடி ஆரம்பித்தான்.

அம்சவேணி ஏணியை விடவில்லை. ரமணா போன திசையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மார்ச்சுலயும் இந்த ஏணியப் புடிச்சது நான்தான். ஒங்கள நீங்களே எவ்ளோதான் திட்டிக்குவீங்க, வுடுங்க சார்."