கட்டாயம் இல்லாத முதல் நாள்

பட்டன் துளைக்குக் காஜா அடிக்கிறவள் கோர்ட்டில் ஜெயித்துவிட்டாள் என்றதும் சூப்பர்வைசருக்குக் கோபம் தலைக்கேறியது.

சட்டைக் கம்பெனி அது. காலையில் மெஷின் ஓடுமுன் எல்லோரும் பிரார்த்தனை ஹாலில் உட்கார்ந்தாக வேண்டும். வராதவருக்கு அரை நாள் ஆப்சென்ட். வந்தவருக்கு ரிஜிஸ்டரில் டிக் போடுவது சூப்பர்வைசர்.

அவள் மட்டும் வரமாட்டேன் என்றாள். வேலையைவிட்டுத் தூக்கினார்கள். எட்டு மாசம் வீட்டில் அரை வயிறும் கால் வயிறும்தான். அப்பவும் மன்னிப்பு எழுதித் தரவில்லை, கேஸ்தான் போட்டாள். யாரையும் கும்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்த அரசியல் சட்டத்தில் இடமில்லை, அவளை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தீர்ப்பு வந்தது.

"சாமி இல்லாதவளுக்குச் சட்டம் துணை. இனிமே மதம் உருப்பட்ட மாதிரிதான்" என்று கேன்டீனில் கத்தினார் சூப்பர்வைசர். முன்வரிசை பக்தர் கட்டிங் மாஸ்டர் பலமாகத் தலையாட்டினார். கட்டாயம் போனாலும் ஒருத்தர் விடாமல் ஹாலுக்கு வருவார்கள், பார்க்கலாமா என்று சவாலே விட்டார் சூப்பர்வைசர்.

மறுநாள் அவள் வேலைக்குத் திரும்பினாள். பிரார்த்தனை நேரம். கேன்டீனில் நிற்க இடமில்லை. கட்டிங் மாஸ்டர் இரண்டாவது டீயில் இருந்தார். வெட்கமே இல்லாமல், முட்டி வலி சார் என்றார்.

சூப்பர்வைசருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் அவள் செய்த வேலை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்காமல் விடுவதில்லை என்று தேடிப் போனார். காஜா மெஷினில் ஆளில்லை. ஹால் கதவை உதைக்காத குறையாகத் தள்ளினார்.

நூறு பேர் உட்காரும் ஹாலில் அவள் ஒருத்திதான். கண்ணை மூடி, வாய்க்குள் பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, நக்கலா? இதுக்கா கோர்ட்டு வரைக்கும் போன?"

கண்ணைத் திறந்தாள். எட்டு மாசக் கோபமும் அதில் இருந்தது.

"வீட்ல தினமும் கும்பிடறவ சார் நான். நீங்க போடற டிக்குக்காகக் கும்பிட மாட்டேன்னுதான் சொன்னேன். அது ஆண்டவனுக்கும் எனக்கும் உள்ள பேச்சு. நடுவுல நீங்க யாரு?"

அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

"சரி, வந்துட்டீங்க. உட்காருங்க. நீங்க ஆரம்பிங்க, நான் கூடவே சொல்றேன்."

உட்கார்ந்தார். கையைக் கூப்பினார். கண்ணையும் மூடிக்கொண்டார்.

சூப்பர்வைசருக்குப் பிரார்த்தனையின் முதல் வரியே தெரியவில்லை.