இருவர் மிதிக்கும் சைக்கிள்

ஒயின் ஆலையில் தொடங்கி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மலையுச்சி வரை வளைந்து ஏறும் பாதையில், இருவர் மிதிக்கும் நீண்ட சைக்கிளை ஞானசேகர் தனியாக ஓட்டிவந்தான். போன வருடம் பின்னிருக்கையில் மனைவி எழிலரசி இருந்தாள். ஏற்றம் வரும்போதெல்லாம், "சும்மா உக்காந்து வராத, மிதி" என்று திரும்பிப் பார்க்காமலே திட்டுவான். அவள் பிரிந்து போய்விட்டாள். அவளுடைய பாரம் இல்லாமல் உச்சிவரை ஏறிவிடுவதென்று வந்திருந்தான்.

மூன்றாவது வளைவிலேயே கால்கள் நின்றுவிட்டன. பந்தலடியில் குலை அறுத்துக்கொண்டிருந்த பெண் சிரித்தாள்.

"என்னண்ணே, மிதிக்கிற ஆள வீட்ல விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"அவ எங்கேம்மா மிதிச்சா?"

"நல்லாச் சொன்னீங்க. போன வருசம் இதே மேட்டுல அக்காவுக்கு வேர்த்து ஊத்துச்சு. நீங்க வேடிக்கை பாத்துட்டுல்ல வந்தீங்க."

அவள் அடுத்த குலைக்கு நகர்ந்தாள்.

ஞானசேகர் சைக்கிளைப் பந்தல் காலில் சாய்த்து, வாங்கிய நாளிலிருந்து முதன்முறையாகப் பின்னிருக்கையில் உட்கார்ந்தான். எதிரே ஓர் ஆளின் முதுகுக்கான இடம் மட்டும் இருந்தது. கைப்பிடியைத் திருப்பினான். அது திரும்பவில்லை. பிடித்துக்கொள்ள மட்டுமே அதை வைத்திருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாகத் திருப்பினான்.