எட்டு வருஷத்து ருசி

“இது கேவியரே இல்ல! யாரை ஏமாத்தப் பாக்கறீங்க? மானேஜரைக் கூப்பிடுங்க!”

திமொஃபேய், மீன்முட்டையை எடுத்துச் சாப்பிட்ட முத்துச்சிப்பிக் கரண்டியை மேஜையில் டக்கென்று வைத்தார். நேவா நதிக்கரையில் இருந்த அந்த உயர்தர மீன் உணவகத்தில் பணக்காரர்கள் இருமுவதற்குக்கூட யோசிப்பார்கள். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“தீமா, மெதுவாப் பேசேன்” என்றாள் மனைவி ராயிசா. வெட்கத்தில் அவள் முகம் காதுமடல்வரை சிவந்துவிட்டது.

வந்திருந்தது பெண்ணின் கல்யாண விஷயமாக. மகள் வார்யா காதலிக்கும் மத்வேயும், அவன் அம்மா லீதியா மாக்சிமோவ்னாவும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். லீதியா சாதாரண ஆளில்லை. வார்யா சின்ன வயதில் வயலின் படித்த இசைப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். விருந்து அவருடையது. நல்லபடியாக முடிந்தால் ஜூனில் கல்யாணம். டிராம் ஓட்டுநரான திமொஃபேய் இதற்காகவே பழைய கோட்டை இரண்டு முறை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். கோட்டுக்குக் காட்டிய அக்கறையில் பாதியை நாக்குக்கும் காட்டியிருக்கலாம்.

“அப்பா, ப்ளீஸ்ப்பா...” வார்யா கெஞ்சினாள்.

“நீ சும்மா இரு. உனக்கு மீன் வாடையே ஆகாது, உனக்கென்ன தெரியும்? அஸ்த்ரகான்ல பொண்ணு கட்டி அங்கயே தங்கிட்டானே உன் சித்தப்பன் க்லேப், அவன் டிசம்பர் ஆனா ரயில்ல ஒரு டப்பா குடுத்து அனுப்புவான். எட்டு வருஷம்! அப்புறம் அந்த முட்டை போடற மீனை ஆத்துல பிடிக்கவே கூடாதுன்னுட்டாங்க, நின்னுபோச்சு. புதுவருஷத்தன்னிக்கு ரொட்டியில வெண்ணெய் தடவி, மேல அதை வச்சு, தம்பி பேரைச் சொல்லி ஒரு கிளாஸ் வோட்கா. அப்புறம்தான் மத்ததைத் தொடுவேன். ராயா, நீயே சொல்லு!”

“ம்” என்றாள் ராயிசா, தட்டைப் பார்த்தபடி.

“பல்லுல பட்டா பட்டுபட்டுன்னு உடையும். சுருக்குனு உப்புக் கரிக்கும். இது என்னடான்னா வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகுது. நிறமும் கறுப்பு இல்ல, சாம்பல்!”

பரிமாறிய நரைத்தலைக்காரர் குனிந்து, “ஐயா, நான் முப்பது வருஷமா இதைத்தான் பரிமாறறேன். அசல் இப்படித்தான் இருக்கும்” என்றார்.

“எனக்கே பாடமா? ஒரு கோப்பை கொதிக்கிற தண்ணி கொண்டாங்க. அசல்னா அதுல வெந்து வெள்ளையாப் போகும். போலின்னா சாயம் விடும். என் தம்பி சொல்லிக் குடுத்த சோதனை.”

ராயிசா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம் தீமா, உனக்குப் புண்ணியமாப் போகும். பிடிக்கலைன்னா தள்ளி வச்சிடு. சோதனையெல்லாம் வேணாம்.”

“நீ ஏன் நடுங்கறே? ஏமாத்தினவங்க நடுங்கட்டும்!”

லீதியா தன் தட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்து நிதானமாகச் சுவைத்தார். “திமொஃபேய் இலியிச், நானும் கொஞ்சம் ருசி கண்டவதான். எனக்கு இது அசலாத்தான் படுது.”

“நீங்க பெரிய மனசுக்காரங்க, விட்டுக்குடுத்துப் பேசறீங்க. நான் விடமாட்டேன்.”

வெந்நீர் வந்தது. திமொஃபேய் ஐந்தாறு மணிகளைக் கிள்ளிப் போட்டார். பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் எழுந்தே நின்று எட்டிப் பார்த்தார்.

தண்ணீரில் சாயம் இறங்கவில்லை. மணிகள் ஒவ்வொன்றாக வெளுத்து, வெந்த முட்டையைப் போல இறுகி அடியில் தங்கின.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மத்வேய் மடியிலிருந்த துணியை மடிக்க ஆரம்பித்தான். திமொஃபேய் முகத்தில் ஈயாடவில்லை. கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்லத் திரும்பிப் பரிமாறியவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சுடுங்க. வயசாயிடுச்சு, நாக்கு செத்துப்போச்சு.” பிறகு லீதியாவிடம், “எம் பொண்ணு என்னை மாதிரி இல்லைங்க. என்னை வச்சு அவளை எடை போட்டுடாதீங்க” என்றார்.

ராயிசாவுக்கு அங்கேயே பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

கோட்டுகள் மாட்டியிருந்த அறையில் லீதியா அவளைத் தனியே இழுத்தார். கல்யாணப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைக்கத்தான் என்று நினைத்தாள் ராயிசா.

“லீதியா மாக்சிமோவ்னா, அவர் மனசுல ஒண்ணுமில்ல. கல்யாணத்தை மட்டும்...”

“கல்யாணத்துக்கு ஒண்ணும் ஆகாது.” லீதியாவின் முகம் வெளுத்திருந்தது. “இதுக்குப் பதில் சொல்லுங்க. வார்யா எங்கிட்டப் படிச்ச எட்டு வருஷமும், டிசம்பர் கடைசியில கண்ணாடிக் குப்பி நிறைய கேவியர் கொண்டாந்து குடுத்தீங்களே, அது அவர் தம்பி அனுப்பினதா?”

“ஆமாங்க. பொண்ணுக்கு நல்லாச் சொல்லிக் குடுப்பீங்கன்னுதான்...” என்று தலையை ஆட்டினாள் ராயிசா. நிமிரவில்லை.

“கடவுளே! நான் கேக்கவே இல்லையேம்மா... அப்போ வீட்டுல அவர் சாப்பிட்டது?”

“கடற்பாசியில செஞ்சு சாயம் ஏத்தி விப்பாங்களே, அந்தப் போலிதாங்க. அதைத்தான் வாங்கி, அவர் தம்பியோட டப்பாவுல அடைச்சு வச்சேன்.”